ஊர் மாறினால் சிம்மும் மாற வேண்டுமா? – கேள்வி பதில்

மாற்றல், கல்லூரி, புது வேலை என்று கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வெளியூர் கிளம்புகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

பாகூரிலிருந்து: கடலூருக்குக் குடி மாறுகிறோம். மாநிலம் மாறுவதால் ரோமிங் ஆகிவிடுமா?

ஆகாது அக்கா. முள்ளோடை தாண்டினால் மாநிலம் மாறும், செல்போன் வட்டம் (செல்போன் சேவைக்காக நாட்டைப் பிரித்திருக்கும் பகுதி) மாறாது. புதுச்சேரி, காரைக்கால் இரண்டும் தமிழ்நாடு வட்டத்தில்தான் வருகின்றன. எதையும் தொட வேண்டாம்.

முத்தியால்பேட்டையிலிருந்து, அரசு ஊழியர்: ஏனாமுக்கு மாற்றல் வந்திருக்கிறது. அதுவும் புதுச்சேரிதானே, என் நம்பர் அங்கே லோக்கலா?

இல்லை சார். நிர்வாகம் ஒன்றுதான், ஆனால் செல்போன் கணக்கில் ஏனாம் ஆந்திர வட்டம், மாஹே கேரள வட்டம். உங்கள் சிம் அங்கே ரோமிங்கில்தான் இருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். இப்போதைய அன்லிமிடெட் பேக்குகளில் பேச்சும் டேட்டாவும் நாடு முழுக்க ஒன்றுதான். ரீசார்ஜை ஆப்பிலேயே போட்டுக்கொள்ளலாம்.

பார்க்க வேண்டியது சிக்னல் ஒன்றைத்தான். வாடகைக்கு வீடு பார்க்கும்போதே படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள். நன்றாகக் கேட்டால் நம்பரை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் திரும்பி வரப்போகிறவருக்கு என் யோசனை இதுதான். போர்ட் செய்தால், அதாவது அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறினால், எண் ஆந்திரக் கணக்குக்குப் போய்விடும், ஊர் திரும்பியதும் மறுபடி ஒரு போர்ட் போட வேண்டிவரும்.

அவரே மீண்டும்: சிக்னல் சுத்தமாக இல்லையென்றால்?

அப்போது போர்ட்தான். 2015 ஜூலை 3 முதல் வட்டம் விட்டு வட்டமும் அதே எண்ணோடு மாறலாம். ஆங்கிலத்தில் PORT என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வரும். அதற்கு நான்கு நாள்தான் ஆயுள், ஆகவே ஏனாம் போய்ச் சேர்ந்த பிறகு அனுப்புங்கள். அங்கே நீங்கள் மாறப்போகும் நிறுவனத்தின் கடையில் ஆதாரோடு அந்தக் குறியீட்டைக் கொடுத்தால், வட்டம் மாறுவதால் ஐந்து வேலை நாள் ஆகும். மாறும் சமயத்தில் சில மணி நேரம் லைன் இருக்காது. அன்றைக்குப் பணம் அனுப்பும் வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்ட் என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது. ப்ரீபெய்டில் மிச்சமிருக்கும் பேலன்ஸும் பேக்கும் கூட வராது. அதனால் பேக் முடியும் தறுவாயில் மாறுங்கள்.

வில்லியனூரிலிருந்து: சிம் பழுதாகி நேற்றுதான் மாற்றினேன். இன்றே போர்ட் போடலாமா?

ஏழு நாள் பொறுங்கள் தம்பி. 2024 ஜூலை 1 முதல் இந்த விதி இருக்கிறது. அடுத்தவர் எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்கி, உடனே வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டு வங்கிக் கணக்கைத் துடைக்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் இது.

நெல்லிக்குப்பத்திலிருந்து: மகனுக்கு ஜம்முவில் ராணுவப் பணி. இந்த சிம் அங்கே எடுக்குமா?

ப்ரீபெய்ட் என்றால் எடுக்காதம்மா. பாதுகாப்புக் காரணத்தால் ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்ட் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேலை செய்யும். தம்பி ரயில் ஏறுவதற்கு முன்பே இங்கே அதே எண்ணைப் போஸ்ட்பெய்டாக மாற்றிவிடச் சொல்லுங்கள். அங்கே போய் இறங்கிய பிறகு போன் இல்லாமல் திண்டாடக் கூடாது.

மஞ்சக்குப்பத்திலிருந்து, இப்போது பெங்களூரில்: கம்பெனியே சிம் கொடுத்துவிட்டது. ஊர் நம்பருக்கு ரீசார்ஜ் செய்வது வீண்தானே?

வீண் இல்லை தம்பி, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வங்கியும் ஆதாரும் அந்த எண்ணில்தானே இருக்கின்றன? 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம் என்பது விதி. ப்ரீபெய்டில் 20 ரூபாயாவது பேலன்ஸ் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிப்பார்கள். அதுவும் போனால், கொஞ்ச நாளில் அந்த எண் வேறு யார் கைக்காவது போய்ச் சேரும். உங்கள் ஓடிபியும் அவருக்குத்தான் போகும்.

டேட்டா வேண்டாம் என்றால் பேச்சு, எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக் கேளுங்கள். நிறுவனங்கள் அப்படி ஒரு பேக்கைக் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது, 365 நாள் வரை வேலிடிட்டி வைக்கலாம் என்றும் சொன்னது. ஆப்பில் முதல் பக்கத்தில் இருக்காது, கீழே வரை தள்ளித் தேடுங்கள்.