வாசகர் கேள்வி-பதில்: பட்டியலும் சட்டமும் மாறும்போது எல்லையோர டிரஸ்ட்டுகள் என்ன செய்யலாம்?

கே: கேரளத்தில், பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கூலித் தொழிலாளர்களுக்காகச் சிறு டிரஸ்ட் நடத்துகிறோம். வாக்காளர் பட்டியலைத் திருத்தினாலே எங்கள் ஆட்களில் சிலர் பெயர் காணாமல் போகிறது. சிலருக்குப் பொள்ளாச்சியிலும் பெயர் இருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து நாங்களே விண்ணப்பம் போடலாமா?

ப: வேண்டாம். ஒரே குடும்பத்தார் ஒருவருக்காக ஒருவர் கொடுக்கலாம். வெளியாள் கத்தையாகக் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள். படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்ப உதவுவதும், ஒப்புகைச் சீட்டு வாங்க வைப்பதும், கெடுவைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வதும்தான் உங்கள் வேலை.

முதலில் இரட்டைப் பெயரைச் சரிசெய்யுங்கள். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் பெயர் ஒரே தொகுதியில், அதுவும் ஒரே ஒரு முறைதான் இருக்கலாம். பொள்ளாச்சியில் மட்டும் பெயர் இருந்து இங்கே குடிவந்தவருக்குப் படிவம் 8. இரண்டு இடத்திலும் இருந்தால், குடியில்லாத ஊரில் படிவம் 7 கொடுத்து நீக்கிக்கொள்ள வேண்டும். நடப்பதோ வேறு. அவசரத்தில் படிவம் 6 போட்டுவிடுகிறார்கள். அது முதன்முறை சேர்பவருக்கானது. வேறெங்கும் பெயர் இல்லை என்ற உறுதிமொழியும் அதில் இருக்கிறது. தெரிந்தே பொய் எழுதினால் ஓராண்டு வரை சிறை. கூலிக்காரர் அதில் மாட்டினால் எழுதிக்கொடுத்த உங்கள் ஆள் வந்து நிற்க மாட்டார்.

அறுவடைக்கும் செங்கல் சூளைக்கும் மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்களை ‘ஊரில் இல்லை’ என்று குறித்துவிடுவதும் உண்டு. தற்காலிகமாகப் போனதாலேயே ஒருவர் வழக்கமான குடியிருப்பை இழப்பதில்லை என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. குடியில்லை என்று பெயரை நீக்குமுன் விசாரணைக்கு வாய்ப்புத் தரவேண்டும் என்பது 22ஆம் பிரிவு. பூட்டிய வீட்டுக்கு வந்த நோட்டீஸ் யார் கண்ணிலும் படாமல் போவதுதான் சிக்கல். தெருவுக்கு ஒருவரை நியமித்து, ஒட்டிய நோட்டீஸை அன்றே படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். வாக்காளர் பதிவு அதிகாரியின் முடிவு பாதகமானால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முறையீடு; அங்கும் தோற்றால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். இந்த இரண்டு கெடுவையும் சுவரில் எழுதிவையுங்கள்.

இன்னொன்று: ஆதார் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பக்க எண் போட்ட நோட்டில் பெயர், பாகம் எண், வரிசை எண், ஆதாரின் கடைசி நான்கு எண், கொடுத்த தேதி, இவ்வளவு போதும்.

கே: ஆந்திராவின் நகரியில் எங்கள் ஆட்களுக்கு ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு பெயர்.

ப: தெலுங்கில் ‘ழ’ இல்லை, எழிலரசி ‘எளிலரசி’ ஆகிவிடுவார். ‘இண்டி பேரு’ (குடும்பப் பெயர்) கட்டாயம் என்று நினைக்கும் எழுத்தர் அப்பா பெயரை முன்னால் போட்டுவிடுவார். அடிப்படை ஆவணம் ஒன்றைத் தேர்ந்து, மற்றதையெல்லாம் அதற்கு ஏற்பத் திருத்துங்கள். வாக்காளர் அட்டைக்கு அதே படிவம் 8 போதும்.

கே: ஆட்சி மாறியதும் “உரிமை என்று பேசி அரசியல் பண்ணுகிறீர்கள்” என்கிறார்கள். எங்களுக்கு வெளிநாட்டு நன்கொடையும் வருகிறது.

ப: பொது நோக்கத்துக்காகக் குரல் கொடுப்பதும் கட்சி அரசியலும் வேறு வேறு. பந்த், ஹர்த்தாலில் இறங்கிய அமைப்பு என்பதற்காக மட்டும் வெளிநாட்டு நன்கொடையை மறுக்க முடியாது, கட்சி அரசியல் நோக்கம் இருந்தால்தான் தடை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டிரஸ்டி யாராவது தேர்தலில் நிற்பதானால் முதலில் எழுத்தில் விலகட்டும். அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்.

உண்மையில் டிரஸ்ட்டுகள் விழுவது கணக்கில்தான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரக்கூடாது. பக்கத்து ஊர்ச் சட்ட உதவி மையத்துக்கு ‘கொஞ்சம் உதவினோம்’ என்பதே மீறல். நிர்வாகச் செலவு அந்தப் பணத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒரு பைசா வராத ஆண்டிலும் ஆண்டறிக்கையை டிசம்பர் 31க்குள் ஏற்றியாக வேண்டும்.

கே: கேரளத்தின் குமுளியில் போராட்ட நாளில் எங்கள் பையன்களைப் பிடித்துப்போனால் முதலில் என்ன செய்வது? தமிழ்நாட்டுப் போலீஸ் வந்து பிடித்தால்?

ப: மணியைக் குறியுங்கள். பிடித்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், அந்தக் கணக்கு அதிலிருந்துதான். ஸ்டேஷனில் எழுதும் நேரம் பிந்தியிருக்கும் என்பதால், பிடித்த இடமும் நேரமும் வக்கீலுக்கு உடனே செய்தியாகப் போகட்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையிலுள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. பழைய எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். கைது குறிப்பாணைக்கு 36, உறவினருக்குத் தகவல் 48, மருத்துவப் பரிசோதனை 53, மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது 58. மாநிலம் தாண்டி வந்து பிடித்தாலும் 58 பொருந்தும். பயண நேரம் கழியும், ஆனால் அதிகார வரம்பு இல்லாத மாஜிஸ்திரேட் முன்னும் நிறுத்தலாம் என்று சட்டமே சொல்வதால் ‘எங்கள் கோர்ட்டு தூரம்’ என்பது சாக்காகாது.

கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தரவேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு மலையாளத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் ரிமாண்டின்போதே வக்கீல் சொல்லட்டும். “சும்மா விசாரிக்கத்தான்” என்றால் எழுத்து மூல நோட்டீஸ் கேளுங்கள். சாட்சியாக விசாரிக்கப் பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உண்டு, அதற்கான சட்ட உதவித் தொலைபேசி எண் 15100.

அடி விழுந்திருந்தால் மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுதுங்கள், கட்டணம் இல்லை. மாநில ஆணையம் எடுத்துக்கொண்ட புகாரைத் தேசிய ஆணையம் விசாரிக்காது. இரண்டுக்கும் ஒரே நாளில் அனுப்பிக் குழப்பாமல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கே: தமிழில் மனு கொடுத்தால் வாங்க மறுக்கிறார்கள்.

ப: குறைதீர்க்கும் மனுவை இந்திய ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசமைப்பின் 350ஆம் பிரிவு. படிவங்களுக்கும் கோர்ட்டுக்கும் இது பொருந்தாது. மறுத்தால் சண்டை வேண்டாம். மேலே ஒரு வரியில் பொருளை மலையாளத்திலோ தெலுங்கிலோ எழுதி, சேர்ந்ததற்கான அத்தாட்சி கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்.