ஜோடித்த குதிரை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஹாங்காங்கில் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒருவருக்குப் பதவி உயர்வு அறிவித்தார்கள். பக்கத்து மேசைப் பெண் ‘சோவ் மா’ என்று முணுமுணுத்தார். கேட்டால், ‘குதிரை செய்வது’ என்று அர்த்தமாம். கிடைக்காதவர்களின் வயிற்றெரிச்சல்தானே இது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்படி ஒதுக்கிவிடாதீர்கள். ‘சோவ்’ என்றால் செய்வது, ‘மா’ குதிரை. பொய் வழக்கு ‘ஜோடிப்பது’ என்கிறோமே, அந்த மாதிரி செய்வது. கான்டனீஸ் என்ற சீன மொழி பேசும் அந்த ஊரில் 1846 முதல் ஹேப்பி வேலி மைதானத்தில் குதிரைப் பந்தயம் நடக்கிறது. முடிவை முன்கூட்டியே பேசி வைத்த எதற்கும் அங்கே குதிரையின் பெயர் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

பந்தயத்தை ஜோடிக்க மோசமான குதிரையைப் பறக்கவிட வேண்டாம். ஜெயிக்கிற குதிரையைப் பிடித்து வைத்தால் போதும். கடைசி வளைவில் ஜாக்கி கடிவாளத்தை ஒரு பிடி இறுக்குவார். அல்லது முன்னால் இரண்டு குதிரைகள் வழியை அடைத்து ஓடும்போது விலகி வராமல் பின்னாலேயே இருந்துவிடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் குதிரை களைத்துவிட்டது என்றே தோன்றும். 1986-ல் ஊழல் தடுப்பு ஆணையம் இப்படி ஒரு விவகாரத்தில் ஜாக்கிகளையும் குதிரை உரிமையாளர்களையும் கைது செய்தது. ஆக, சும்மா முளைத்த சந்தேகம் இல்லை.

அப்புறம் அந்தச் சொல் பந்தய மைதானத்தைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டது. 2012 மிஸ் ஹாங்காங் போட்டியில் அழகியைத் தேர்ந்தெடுக்க நேயர்களே ஓட்டுப் போடலாம் என்றார்கள். இறுதிச் சுற்று இரவில் ஓட்டுப் போடும் கணினி அமைப்பு முடங்கி, நடுவர்களே முடிவு செய்தார்கள். பார்த்தவர்கள் வாயில் வந்தது ‘சோவ் மா’தான்.

‘யாம் திம்’ என்று இன்னொரு சொல் உண்டு: பேரரசரே பெயரைக் குறித்துக் கொடுப்பது. 2000 அக்டோபரில் துங் சீ-ஹ்வா மறுபடி ஹாங்காங் தலைவராவதைப் பற்றி ஒரு பெண் நிருபர் இந்தச் சொல்லைப் போட்டுக் கேட்க, சீன அதிபர் ஜியாங் ஸெமின் கேமரா முன்னாலேயே கொதித்துப்போனார். எனக்கு ‘சோவ் மா’தான் அதிகம் வலிக்கிறது. பேரரசர் குறித்துக் கொடுத்தால் யாரும் ஓட வேண்டியதில்லை. இங்கே எல்லாரையும் ஓடவிடுகிறார்கள். விடிகாலையில் எழுந்து பயிற்சி எடுத்தவனும் மூச்சிரைக்க ஓடுகிறான்.

அந்தப் பெண்ணும் அதே பதவிக்கு நேர்காணல் போயிருந்தாரா? கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால், ஒரு டீ வாங்கிக்கொடுத்து அவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள்.

அன்புடன்.