பரணில் கிடக்கும் லேப்டாப்புக்கு லினக்ஸ்

கேள்வி: சார், 2012-ல் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பரணில் கிடக்கிறது. 2 ஜிபி ரேம். ஆன் ஆகவே பத்து நிமிஷம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ் (இயங்குதளம்) போட்டால் பறக்கும் என்கிறான் என் தம்பி. மகள் படிக்கக் கொடுக்கலாமா? - வாசகி, திருவாரூர்

பதில்: பறக்காது, ஆனால் நடக்கும். யாரும் அழிக்காமல் இருந்தால் அதில் ஏற்கெனவே ஒரு லினக்ஸ் இருக்க வேண்டும், பார்த்தீர்களா? தொடக்க வருஷங்களில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும், நாமெல்லாம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் விண்டோஸுக்கு என்டர் தட்டிக்கொண்டிருந்தோம். இப்போது அதைத் தேடிப்போக வேண்டாம், அந்தப் பழைய பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்று ரொம்ப நாளாகிவிட்டது.

அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பெரும்பாலும் விண்டோஸைவிட உள்ளே சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அதைக் கழற்றிவிட்டு சுற்றும் பாகமே இல்லாத, வேகமான எஸ்எஸ்டி ஒன்று மாட்டுங்கள், கடையில் இரண்டரை அங்குல சாட்டா வகை என்று கேளுங்கள், 120 ஜிபி போதும், அடிப்பக்கம் சில திருகாணிதான். கையில் காசு கொஞ்சமாக இருந்து ஒன்றே ஒன்றுதான் மாற்ற முடியும் என்றால் இதை மாற்றுங்கள். அடுத்தது ரேம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு 2 ஜிபியில் ஓடும், 4 ஜிபி இருந்தால்தான் நிம்மதி என்று அவர்களே சொல்கிறார்கள். சிஸ்டம் கொஞ்சமாகத்தான் சாப்பிடும், பிரவுசர்தான் பகாசுரன். நாலு டேப் திறந்து அதிலொன்றில் யூடியூபும் ஓடினால் எந்த ஓஎஸ் போட்டாலும் மூச்சு வாங்கும். வீடியோவின் தரத்தை 480p-ல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எதையும் அழிப்பதற்கு முன் 8 ஜிபி பென்டிரைவில் மிண்டை ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், டச்பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். வைஃபை வரவில்லையா, போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு, அதாவது போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்து, வைஃபையை இயக்கும் டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். அப்புறம், பழைய போட்டோக்களை முதலில் வேறு இடத்தில் காப்பி எடுங்கள். நான் ஒருமுறை எடுக்காமல் ஃபார்மட் செய்துவிட்டு வீட்டில் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

கேள்வி: விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. என் கம்ப்யூட்டர் 11-ஐ ஏற்காது. டிடிபி கடை வைத்திருக்கிறேன், கணக்குக்கு டேலி. முழுக்க லினக்ஸுக்கு மாறலாமா? - வாசகர், ஈரோடு

பதில்: கடை மிஷினில் முழுக்க மாறாதீர்கள். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், டேலி இரண்டும் லினக்ஸுக்கென்று வருவதில்லை, சுற்றி வளைத்து ஓட்டிப் பார்க்கலாம்தான், ஆனால் வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது செய்கிற வேலை இல்லை அது. ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இன்டர்நெட், மெயில் எல்லாவற்றையும் லினக்ஸில் வைத்துக்கொண்டு, விண்டோஸை நெட் இல்லாமல் கடை வேலைக்கு மட்டும் திறப்பது தேவலாம். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸில் கோழிக் கிறுக்கலாகத் தெரியும், பதறாதீர்கள், அந்த எழுத்துரு கோப்பை லினக்ஸில் நிறுவினால் தமிழ் வந்துவிடும். புதிதாக அடிக்க, லினக்ஸில் தட்டச்சு மொழியை மாற்றித் தரும் ஐபஸில் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. பிரிண்டரை மட்டும் பென்டிரைவிலிருந்து ஓட்டும்போதே மாட்டிச் சோதித்துவிடுங்கள், பலருக்கு அங்கேதான் தகராறு.

கேள்வி: பென்டியம் 4, 512 எம்பி ரேம். வழி உண்டா? - வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்களுடையது போன்ற பழைய 32 பிட் பிராசஸர்களுக்குக் கதவுகள் சாத்திக்கொண்டே வருகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸில் 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது. பழைய மிஷின்களுக்கென்றே இருக்கும் ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸ் ஏறும், கடிதம் அடிக்கலாம், பாட்டு கேட்கலாம். பிரவுசர் பக்கம் போகாதீர்கள். போட்டுப் பழக ஆசையென்றால் தாராளமாகப் போடுங்கள், தினசரி வேலைக்கென்றால் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் பார்ப்பது மேல். இந்தப் பென்டியம் குடிக்கிற கரண்டுக்கும் கிளப்புகிற சூட்டுக்கும் கட்டுப்படியாகாது.