தொழிலுக்கு வாங்கிய லேப்டாப்பில் வைஃபை, பேட்டரி கோளாறு: நுகர்வோர் ஆணையத்தை அணுக முடியுமா?

கேள்வி: நான் தனியாளாக வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் தொழில் செய்கிறேன். 14 மாதங்களுக்கு முன் வணிக ரக லேப்டாப் ஒன்றை வாங்கினேன். வாரண்டி 3 ஆண்டு. பேட்டரிக்கு மட்டும் 1 ஆண்டு. நான்காம் மாதத்திலிருந்து வைஃபை இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் இரண்டு மணி நேரம்தான் நிற்கிறது. 3 முறை சர்வீஸுக்குக் கொடுத்தேன். ஒருமுறை பேட்டரியையே மாற்றினார்கள், பலனில்லை. இப்போது, ‘கோளாறு உங்கள் ரவுட்டரில்தான் இருக்கிறது, பேட்டரி வாரண்டியும் முடிந்துவிட்டது, தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் வழக்கும் போட முடியாது’ என்கிறார்கள். பணத்தைத் திரும்பப் பெற வழியுண்டா?

பதில்: அவர்கள் சொன்ன மூன்றில் கடைசியானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்களைப் போன்ற பலர் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டே உரிமையைக் கைவிட்டுவிடுகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை ‘நுகர்வோர்’ என்ற வரையறையிலிருந்து விலக்குவது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கி, தாமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் அடங்காது என்று அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், கூலிக்குத் தட்டச்சு செய்து கொடுப்பவரின் தட்டச்சுப் பொறியை உதாரணமாகக் காட்டியே, முந்தைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இதே விளக்கத்தைப் பேசியது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் மட்டும் இத்தகுதி போய்விடாது என்றும் கூறியது. வணிக நோக்கத்தில்தான் வாங்கினார் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவ்வாறு வாதிடுபவரையே சாரும் என்பது, ஸ்ரீராம் சிட்ஸ் எதிர் ராகசந்த் அசோசியேட்ஸ் வழக்கின் 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ‘வணிக ரகம்’ என்பது தயாரிப்பாளர் தம் சரக்குக்கு இட்ட பெயர். அது உங்கள் சட்டத் தகுதியை முடிவு செய்யாது. பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் எதிர்தரப்பினர் அதை நிச்சயமாகக் கையிலெடுப்பார்கள். அது ஒன்றே உங்கள் வழக்கை முடித்துவிடாது என்பது என் கருத்து. எனினும் இந்த லேப்டாப்பை நீங்களேதான் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும், இத்தொழிலே உங்கள் வாழ்வாதாரம் என்பதையும் புகார் மனுவில் தெளிவாக எழுதியாக வேண்டும்.

இனி ஆதாரத்துக்கு வருவோம். பேட்டரியை மாற்றியும் பலனில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். விண்டோஸ் இயங்குதளத்திலேயே பேட்டரி அறிக்கை ஒன்றை எடுக்கும் வசதி உள்ளது. பேட்டரி தயாரிக்கப்பட்டபோது அதற்கிருந்த கொள்ளளவையும், இப்போது முழுச் சார்ஜில் அது ஏற்கும் அளவையும் அந்த அறிக்கை தனித்தனியாகக் காட்டும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் பேட்டரி நன்றாகவே இருக்கிறது, மின்சாரம் வேறெங்கோ வீணாகிறது என்று பொருள். இணைப்பை இழந்து மீண்டும் மீண்டும் தேடிக்கொண்டிருக்கும் வைஃபை கார்டு பேட்டரியைக் கூடுதலாகக் கரைக்கும். மூடி வைத்த பின்னும் முறையாக உறக்க நிலைக்குச் செல்லாத மதர்போர்டும் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) அவ்வாறே செய்யும். அப்படியானால் நீங்கள் இரண்டாகக் கருதும் கோளாறுகள் ஒன்றாகவே இருக்கலாம். வைஃபை கார்டும் மதர்போர்டும் 3 ஆண்டு வாரண்டிக்குள் வருவதால், ‘பேட்டரி வாரண்டி முடிந்தது’ என்ற பதில் பொருளற்றதாகிவிடும். மாறாகக் கொள்ளளவே பாதியாகக் குறைந்திருந்தால் பேட்டரிதான் குறைபாடுடையது. ஆனால் அப்போதும் உங்கள் முதல் புகார் அந்த ஓராண்டுக்குள் பதிவானது என்பதை வைத்து வாதிட இடமுண்டு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்: வணிக ரக லேப்டாப்புகள் பலவற்றில், பேட்டரியின் ஆயுளைக் காக்கச் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு இருக்கும். அதைக் குறைபாடு என்று புகாரில் எழுதிவிட்டால் மற்ற உண்மைகளின் வலுவும் குறைந்துவிடும்.

ரவுட்டரின் மீது பழி போடுவதற்கு விடை எளிது. அதே இடத்தில், அதே இணைப்பில் வேறொரு கருவி தடையின்றி இயங்குகிறதா என்றும், கைப்பேசி ஹாட்ஸ்பாட்டிலும் வேறொரு வைஃபையிலும் இணைத்தபோது இந்த லேப்டாப் அறுந்துபோகிறதா என்றும் நாள், நேரத்தோடு குறித்து வையுங்கள். கடந்த 3 நாட்களில் ஏற்பட்ட ஒவ்வொரு துண்டிப்பையும் அதன் காரணத்தையும் காட்டும் வயர்லெஸ் அறிக்கையையும் விண்டோஸில் எடுக்கலாம். மின்சாரத்தை மிச்சப்படுத்த வைஃபை கார்டை அணைத்துவிடும் அனுமதி அமைப்புகளில் இருந்தால் அதை நீக்குங்கள். தயாரிப்பாளர் வெளியிட்ட டிரைவர் (உதிரிபாகங்களை இயக்கும் மென்பொருள்), பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்புகளையும் நிறுவி, தேதியை எழுதி வையுங்கள். ‘இவற்றைச் செய்தீர்களா?’ என்பதே எதிர்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வியாக இருக்கும். லேப்டாப்பை மட்டும் நீங்களோ வெளியாரோ திறக்க வேண்டாம்; வாரண்டியை மறுக்க அதுவே போதும்.

சர்வீஸ் சென்டர் தந்த 3 ஜாப் ஷீட்டுகளும் (பழுதுப் பதிவுச் சீட்டுகள்) உங்கள் வழக்கின் முதுகெலும்பு. இனி கொடுக்க நேர்ந்தால், என்ன கோளாறு, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று அதில் எழுதச் சொல்லி வாங்குங்கள். வாடிக்கையாளர்களின் கோப்புகளை முன்னதாகவே வேறிடத்தில் படியெடுத்துவிடுங்கள். கணினியில் எடுத்த அறிக்கைகளோடு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023, பிரிவு 63 மின்னணு ஆவணங்களுக்குக் கேட்கும் சான்றிதழையும் இணைப்பது நல்லது. பரிசோதிக்காமல் குறைபாட்டைத் தீர்மானிக்க இயலாதென ஆணையம் கருதினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38(2)இன் கீழ் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாட்களுக்குள் அறிக்கை கேட்கலாம். இதற்கான கட்டணத்தை உங்களைச் செலுத்தச் சொல்லலாம்.

பணம் முழுதும் திரும்பக் கிடைக்குமா என்ற கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்கிறேன். பிரிவு 39இன்படி குறைபாட்டை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், விலையைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம். வைஃபை கார்டை மாற்றினால் தீரும் கோளாறு என்று தெரிந்தால், முழு விலையையும் எதிர்பார்ப்பது கடினம். 3 முறை முயன்றும் தீராதது தயாரிப்பிலேயே உள்ள குறைபாடு என்று நிறுவினால்தான் அக்கோரிக்கை நிற்கும். ஆகவே பொருளை மாற்றித் தருவது அல்லது விலையைத் திருப்பித் தருவது, அவை இயலாதெனில் குறைபாட்டை முழுமையாக நீக்கி இழப்பீடு தருவது என மாற்றுக் கோரிக்கைகளாக எழுதுங்கள்.

முதலில் விற்பனையாளர், தயாரிப்பாளர், சர்வீஸ் சென்டர் ஆகிய மூவருக்கும் 15 நாள் அவகாசம் தந்து விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அறிவிப்பு அனுப்புங்கள். பதில் திருப்தி தராவிட்டால், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் என்று பிரிவு 69 காலவரம்பு விதிக்கிறது. அதைக் கோளாறு தொடங்கிய நான்காம் மாதத்திலிருந்தே கணக்கிடுவதுதான் பாதுகாப்பானது; அவ்வகையில் 10 மாதங்கள் கழிந்துவிட்டன, உங்களிடம் மீதமிருப்பவை 14 மாதங்கள். நான்காவது முறை சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதால் இந்தக் காலம் தானாக நீண்டுவிடாது.