குறுவை நெல்லு அறுப்பு நேரத்துல வந்த மண்ணு கேள்விகள்

இந்த தடவை காவிரி டெல்டாவுல இருந்து வந்த கேள்வி முக்கால்வாசி மண்ணப் பத்தித்தான். அதுல அஞ்சு எடுத்துருக்கேன்.

கேள்வி: மூணு வருஷமா ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா கூடவே போடுறேன். பயிர் கரும்பச்சையா கருகருன்னு வருது, கண்டுமுதல் (விளைச்சல்) ஏறவே இல்ல, பூச்சி வேற. மண்ணு செத்துருச்சா சார்? (மன்னார்குடி பக்கம்)

பதில்: சாகல தம்பி, பசியில கிடக்கு. யூரியாவுல தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம், 45 கிலோ மூட்டைக்கு 20 கிலோ சொச்சம்தான், தண்ணி நிக்கிற வயல்ல பெரும்பாலும் அதுல பாதிகூட பயிருக்குப் போய்ச் சேராது, கொஞ்சம் அமோனியாவா ஆவியாயிரும், கொஞ்சம் நைட்ரேட்டா நிலத்தடி தண்ணில எறங்கிரும், கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடா மேல போயி கார்பன் டை ஆக்சைடை விட 270 மடங்குக்கு மேல பூமியச் சூடாக்கும். போடுற சத்தைப் பிடிச்சு வச்சுக்க மண்ணுல மக்கு, அதாவது மக்கிப்போன தழையும் எருவும், வேணும்ல. உங்க மண்வள அட்டையில அந்த மக்கு எவ்வளவுன்னு காட்டுற அங்ககக் கரிமம்னு ஒரு வரி இருக்கும், 0.5 சதவீதத்துக்குக் கீழன்னா அது குறைச்சல். யூரியா எத்தனை மூட்டைன்னு மட்டும் பாத்துட்டு அந்த வரியத் தாண்டிப் போயிடுறாங்க, எனக்கு மனசு கேக்கல. கருகருன்னு இருக்குற பயிரைத் தேடித்தான் இலைசுருட்டுப் புழுவும் புகையான் பூச்சியும் வரும், அதனால கூடப் போடுற அந்த ஒரு மூட்டையை மொதல்ல நிறுத்துங்க, மேலுரம் போடும்போது இலையோட பச்சையை ஒப்பிட்டுப் பாக்குற இலை வண்ண அட்டைய வச்சுப் பாத்துட்டுப் போடுங்க. சித்திரையில கோடை மழை கிடைச்சதும் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைச்சு, 45 நாள்ல பூ எடுக்குறப்ப மடக்கி உழுதுருங்க.

கேள்வி: மெஷின் அறுத்த வைக்கோல் மழைல நனைஞ்சு கிடக்கு, கட்டு கட்ட யாரும் வரல, அடுத்து நடுற தாளடி நெல்லுக்கு நாள் நெருங்குது. கொளுத்திரலாமா?

பதில்: வேண்டாங்க. அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்குன்னு சொல்லித்தானே வளந்தோம். பயிர் எடுத்த சாம்பல்சத்துல (பொட்டாசியம்) பெரும்பகுதி வைக்கோல்லதான் நிக்குது, கொளுத்துனா தழைச்சத்து கிட்டத்தட்ட மொத்தமும் புகையாப் போயிரும், சாம்பல்சத்து சாம்பல்ல கிடந்தாலும் ஒரு மழை வந்தா அடிச்சுட்டுப் போயிரும், அந்தப் புகைய மூச்சுல இழுக்குறது உங்க வீட்டுப் பிள்ளைங்கதான். தண்ணி கட்டி ரோட்டவேட்டர் ஓட்டி ரெண்டு மூணு வாரம் மக்க விடுங்க. உழுத மறுநாளே நட்டா மட்டும் பயிர் மஞ்சளடிக்கும், ஏன்னா வைக்கோலை மக்க வைக்கிற நுண்ணுயிரே மண்ணுல இருக்குற தழைச்சத்தை எடுத்துக்கும். அவ்வளவு நாள் இல்லைன்னா வைக்கோலை வாரி வரப்போரம் போட்டு வச்சு, வயல்ல நிக்கிற அடித்தாளை மட்டும் உழுதுருங்க.

கேள்வி: நெல்லு வயல்தான் உலகத்தைச் சூடாக்குதுன்னு பேசுறாங்களே, நிஜமா?

பதில்: ஒரு பங்கு நிஜம்தான். தண்ணி தேங்கி மண்ணுக்குக் காத்து போகாதப்போ அங்க வாழுற ஒருவகை நுண்ணுயிர் பூமியச் சூடாக்குற மீத்தேன் வாயுவை உண்டாக்குது. ஆனா மொத்தப் பழியையும் சோறு போடுறவன் தலைல கட்டுறத என்னால ஏத்துக்க முடியாது. பம்புசெட் வச்சுருக்கவங்க ஒண்ணு செய்யலாம், ஓட்டை போட்ட பிவிசி குழாயை வயல்ல பதிச்சு, குழாய்க்குள்ள தண்ணி மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழ எறங்குன பிறகு பாய்ச்சுங்க, மீத்தேனும் குறையும் கரண்டும் மிச்சம். நட்ட புதுசுலயும் பூக்குற நேரத்துலயும் மட்டும் காய விட்டுறாதீங்க. முறை வச்சு வாய்க்கால் தண்ணி வாங்குறவங்களுக்கு இது லேசுல ஒத்துவராது, அவங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: வேதாரண்யம் பக்கம் வயல்ல வெள்ளையாப் பூக்குது. ஜிப்சம் போடலாமா?

பதில்: மொதல்ல மண்ணைச் சோதிங்க. களர்னா, அதாவது காரத்தன்மையக் காட்டுற பிஎச் 8.5க்கு மேலன்னா, ஜிப்சம் கேக்கும். வெறும் உவர்னா, அதாவது உப்பு மட்டும் கூடுன மண்ணுன்னா, ஜிப்சம் வாங்குறது வீண் செலவு, வடிகால் வெட்டி நல்ல தண்ணியத் தேக்கி வடிச்சு விடணும்.

கேள்வி: ராத்திரி ஆட்டு மந்தையை வயல்ல அடைச்சு ஆட்டுக்கிடை போடவா, தொழுவுரம் வாங்கவா?

பதில்: ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்னு பெரியவங்க சொன்னது சரிதான். ஆட்டு மந்தை ஓட்டி வர்ற ராமநாதபுரத்து கீதாரிங்க கோடையில வந்தா விடாதீங்க, கிடை போட்டுருங்க. கிடை எடுத்ததும் உடனே ஒரு உழவு ஓட்டிருங்க, வெயில்ல காய விட்டா மூத்திரத்துல இருக்குற தழைச்சத்து ஆவியாப் போயிரும்.