தின்னர் பிடிக்கும்போது தீப்பொறி எங்கிருந்து வந்தது?

கேள்வி: மரச்சாமான் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறேன். 200 லிட்டர் இரும்பு டிரம்மிலிருந்து பிளாஸ்டிக் வாளியில் தின்னர் பிடிக்கும்போது குப்பென்று தீப்பிடித்தது. பக்கத்தில் நெருப்பே இல்லை. எப்படி?

பதில்: பெரும்பாலும் நிலைமின்சாரமாக இருக்கும். பல தின்னர்களில் முக்கியச் சரக்கு டொலுயின். அது மின்சாரத்தைக் கடத்தாது. குழாயில் ஓடும்போதும் வாளியில் தெறிக்கும்போதும் மின்னேற்றம் சேரும். பிளாஸ்டிக் வாளியில் அது வடிய வழியில்லை, சேர்ந்து பொறியாகப் பாயும். டொலுயின் 4 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவியைத் தரும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். காற்றில் ஆவி 1.1 சதவீதம் இருந்தால் சின்னப் பொறி போதும்.

இரும்பு வாளிக்கு மாறுங்கள். வாளியையும் டிரம்மையும் செம்புக் கம்பியால் இணைத்து, டிரம்மை எர்த் செய்யுங்கள். பலரும் கிளிப்பைப் பெயின்ட் மேலேயே மாட்டிவிடுகிறார்கள், அதில் பயனில்லை. சுரண்டி, வெறும் இரும்பில் மாட்டுங்கள். குழாயைத் திறக்கும் முன் மாட்டி, மூடிய பிறகே கழற்றவேண்டும். மெதுவாகப் பிடியுங்கள்.

ஆவி காற்றைவிடச் சுமார் 3 மடங்கு கனம். தரையோடு ஊர்ந்து அடுத்த அறை மோட்டார் வரை போகும், அதன் பொறியிலும் பற்றலாம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தின்னர் மிதந்து பரவும். உலர் தூள் அணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில், வாசல் பக்கமாக மாட்டுங்கள்.