ஆறு மாசக் கோர்ஸும் எங்கள் தெரு சிஸ்டரும்

‘ஆறு மாசக் கோர்ஸ், முடித்த கையோடு வீட்டு நர்ஸ் வேலை’ என்ற நோட்டீஸை நம்பி, பிளஸ் டூ முடித்த மகளைச் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள் அம்மா. அந்தத் தொழிலுக்குத் தாராளமாக அனுப்புங்கள். அந்தக் கோர்ஸுக்கு வேண்டாம்.

எங்கள் தெருவில் 84 வயதில் ஒரு சிஸ்டர் இருக்கிறார். 1960-களில் மெட்ராஸில் நர்சிங் படித்து, கொஞ்ச காலம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, ‘ஸ்பெஷல்’ போக ஆரம்பித்தவர். ஸ்பெஷல் என்றால் ஒரே நோயாளி, பன்னிரண்டு மணி நேர டியூட்டி. பக்கவாதத்தில் விழுந்தவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்து, படுக்கைப்புண் வராமல் காப்பார். மூக்குக் குழாயில் கஞ்சி விடுமுன் குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்ப்பார். எழுபது வயது வரை ஓயவில்லை. அவர் போய்வந்த வீடுகளிலிருந்து இன்னமும் கல்யாணப் பத்திரிகை வருகிறது.

அவர் சொல்லும் கணக்கையும் கேளுங்கள்: “பேஷண்ட் தேறினா வேலை போச்சு. செத்தாலும் போச்சு.” அடுத்த வீடு அமையும்வரை சம்பளம் கிடையாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் இல்லை, ஏஜென்டின் கமிஷன் மட்டும் ஒரு மாதமும் தவறியதில்லை. இன்று அவருக்குச் சோறு போடுவது அன்று போஸ்ட் ஆபீஸில் சிறுகச் சிறுகப் போட்ட பணம்தான்.

அதனால் மகள் முதலில் பி.எஸ்ஸி. நர்சிங் (4 வருடம்) அல்லது ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமா (3 வருடம்) முடிக்கட்டும். முடித்ததும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யட்டும். 1926-ம் வருடச் சட்டத்திலிருந்தே இருக்கிற பதிவு அது. ஆறு மாதக் கோர்ஸில் இந்தப் பதிவு கிடைக்காது. ஏஜென்சி ‘நர்ஸ்’ என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பும். ஊசி போடச் சொல்லி ஏதாவது ஆனால் மாட்டுவது உங்கள் பெண்.

பிறகு சில வருடம் பி.எஃப். பிடிக்கிற ஆஸ்பத்திரியில் இருக்கட்டும். 10 வருடச் சர்வீஸ் சேர்ந்தால் 58 வயதில் சின்னதாக ஒரு பென்ஷன் உண்டு. சிஸ்டர் வேலைக்குச் சேர்ந்தபோது இது இல்லை, 1995-ல்தான் வந்தது. ஒரு சிக்கல்: முதன்முதலாக பி.எஃப்.-ல் சேரும்போதே அதற்குக் கணக்கிடும் சம்பளம் 15,000 ரூபாயைத் தாண்டினால் இந்தப் பென்ஷனில் சேர முடியாது. சேரும் அன்றே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் வீட்டு டியூட்டிக்குப் போகலாம், கேட்கிற சம்பளமும் கிடைக்கும். நைட் டியூட்டி என்றால் சிஸ்டர் முதலில் கேட்டது சம்பளத்தை அல்ல: “உள்ளே தாழ்ப்பாள் போடுற ரூம் இருக்கா?” பாத்திரம் தேய்ப்பதும் துணி துவைப்பதும் தன் வேலையில்லை என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டி வாருங்கள். சிஸ்டரைப் பார்த்துவிட்டுப் போகட்டும். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகக் கேட்க வேண்டும்.